ஆமை வேலையும் ஊர் வைத்த முறையும்

பூர்வகுடி என்று அதுவரை என்னை யாரும் அழைத்ததில்லை. மீன்காரி மகள் என்று அழைத்திருக்கிறார்கள். கல்லூரிக்குப் போகும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போயிருக்கிறாள். அன்று நான் தலைக்குக் குளித்து, பவுடர் பூசி, மல்லிகைப்பூ வேறு வைத்திருந்தேன். பிறகு வேலைக்குப் போன இடங்களில் ஊர் எது என்று கேட்டால் "காரைக்கால்தாங்க" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளப் பழகினேன். காரைக்கால்மேடு என்று முழுதாகச் சொன்னால் எதிரில் இருப்பவரின் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும்.

அதனால் அந்த அறிவிப்பு கைப்பேசிக்கு வந்தபோது திரும்பத் திரும்பப் படித்தேன். கடல் ஆமைகளைப் பாதுகாக்கும் ஒரு தொண்டு நிறுவனம். வேலையின் பெயர் பூர்வகுடிச் சமூகத் தொடர்பாளர். கடற்கரை ஊர்களுக்கும் நிறுவனத்துக்கும் நடுவில் நின்று பேச வேண்டும். பட்டப்படிப்பு வேண்டும், இந்தப் பக்கத்து மீனவ ஊர் ஒன்றில் பிறந்திருக்க வேண்டும். நான் விலங்கியல் படித்தவள். காரைக்கால்மேட்டில் பிறந்தவள். இத்தனை வருடம் எதை மறைத்து வைத்திருந்தேனோ அதையே தகுதி என்று ஒருவர் கேட்கிறார். அந்த நிமிடமே எனக்கு வெறி பிடித்துவிட்டது. இந்த வேலை எனக்குத்தான்.

வீட்டுக்காரர் டைல்ஸ் கடையில் கணக்கு எழுதுகிறவர். வரிச்சிக்குடியில் நெல் விவசாயம் பார்க்கிற குடும்பம். நாங்கள் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு கோவில்பத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான் பாடம் நடத்திவந்த தனியார் பள்ளி, பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. அவருக்கும் இந்த வேலை பிடித்திருந்தது. "ஆமையப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்று மட்டும் கேட்டார். "உங்களக் கட்டிக்கிட்டு இத்தன வருஷம் குடும்பம் நடத்தலையா?" என்றேன். அவர் மெதுவாக நடக்கிற ஆள்.

ஒரு விஷயம் மட்டும் மனதை அரித்தது. நான் வெளியில் கட்டிக்கொண்டவள். எங்கள் ஊர் அதற்காகச் சண்டை போடவில்லை, சாபம் விடவில்லை. சத்தமில்லாமல் என்னைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. மற்ற ஊர் மீனவர்களுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பெண்களுக்குக் கோயில் திருவிழாவுக்கு ஊர் சார்பில் தாம்பூலம் வரும். எனக்கு வராது. அம்மா வீட்டுக்குப் போவேன், மீன் குழம்பு சாப்பிடுவேன், விருந்தாளிபோலத் திரும்பி வருவேன். அம்மா அதைப் பற்றிப் பேசமாட்டாள். குழம்பில் துண்டு மட்டும் கூடுதலாக விழும்.

நேர்காணல் நகரத்துக்குள் ஒரு வீட்டு மாடியில் இருந்த அலுவலகத்தில் நடந்தது. படியேறிப் போனால் பெஞ்சில் என் சிநேகிதி உட்கார்ந்திருக்கிறாள். அம்மா வீட்டுக்கு எதிர்வீடு. ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே கல்லூரியில் படித்து, அவள் உள்ளூரிலேயே கட்டிக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். முதல் நாள்தான் இருவரும் போனில் பேசியிருந்தோம். நாளைக்கு ரேஷன் கடைக்குப் போகிறேன் என்று நான் சொல்லியிருந்தேன். பேங்குக்குப் போவதாக அவள் சொல்லியிருந்தாள்.

"பேங்கு மாடியில இருக்கோ?" என்றேன்.

"ரேஷன்ல ஜீனி போடுறாங்களான்னு பாத்துட்டு வாடி" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்து ஒருவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

நேர்காணல் செய்த மேடம் சென்னையிலிருந்து வந்தவர். நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார், பேச்சு மென்மையாக இருந்தது. வலையில் ஆமை மாட்டினால் உங்கள் ஊரில் என்ன செய்வார்கள் என்று கேட்டார். என் அப்பா செய்ததைச் சொன்னேன். வலையை அறுத்து, ஆமையைத் தூக்கி, "போயிட்டு வா தாயி" என்று கும்பிட்டுக் கடலில் விடுவார். வீட்டுக்கு வந்து கிழிந்த வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, அதே தாயியைப் பொழுது சாயும்வரை கெட்ட வார்த்தையில் திட்டித் தீர்ப்பார். மேடம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

பிறகு எங்கள் இருவரையும் சேர்த்துக் கூப்பிட்டார். "உங்க ரெண்டு பேர்ல யாரை எடுத்தாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனா அதை நாங்க முடிவு பண்றது சரியில்ல. உங்க ஊரே ஒருத்தரைச் சொல்லட்டும். அதுதான் ஊருக்குக் குடுக்கிற மரியாதை."

நல்ல மனதோடு சொன்னார். நானும் சிநேகிதியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் ஊருக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கத் தெரியாது. எங்கள் ஊருக்குத் தெரிந்தது முறை வைப்பது.

இதை விளக்கினால்தான் புரியும். கடலில் வளைத்துப் போட்டுக் கரையிலிருந்து இழுக்கிற கரைவலைக்கு நல்ல இடம் கொஞ்சம்தான், வலை நிறைய. அதனால் இன்று இவர், நாளை அவர் என்று ஊர்ப் பஞ்சாயத்து முறை வைக்கும். கெட்டிக்காரன், சோம்பேறி, பணக்காரன், ஏழை என்ற பேச்சே கிடையாது. முறை வந்தவன் இழுப்பான், மற்றவன் கரையில் நிற்பான். கடலில் பழகிய இந்த வழக்கத்தை ஊர் எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டது. சுனாமிக்குப் பிறகு யாரோ சில தையல் மெஷின்களைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எந்த வீட்டுக்குக் கொடுப்பது என்று ஊர் யோசித்து, வீட்டுக்கு ஒரு மாதம் என்று முறை வைத்தது. மெஷின்கள் தெருத் தெருவாக ஊர்வலம் போயின. ஒருத்தியும் ஒழுங்காகத் தைக்கப் பழகவில்லை. ஆனால் அதை வைத்து ஊரில் ஒரு சண்டையும் வரவில்லை.

அந்த ஊரிடம் போய் மேடம் ஒருத்தியைச் சொல்லுங்கள் என்றார்.

ஊர்க்கூட்டம் கோயிலுக்குப் பக்கத்துக் கொட்டகையில் நடந்தது. மேடத்துக்கு நாற்காலி போட்டு, சோடா கொடுத்தார்கள். ஆண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வழக்கம்போல ஓரத்தில் நின்றோம். எங்கள் ஊர்க்கூட்டத்தில் பெண்கள் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை வீட்டில் ஆம்பிளையிடம் சொல்லி அனுப்ப வேண்டும்.

மேடம் பேசி முடித்ததும் பஞ்சாயத்துத் தலைவர் தொண்டையைச் செருமினார். அவரை ஊரே பெரியப்பா என்று கூப்பிடும். "ரெண்டும் நம்ம புள்ளைங்க. ஒண்ண எடுத்து ஒண்ணத் தள்ளுறதுக்கு ஊரு எதுக்கு? ஒரு மாசம் இது பாக்கட்டும், ஒரு மாசம் அது பாக்கட்டும். சம்பளமும் அப்படியே. ஆமை விசயமா இந்தக் கூட்டத்துல பேசணும்னாலும் யாரு முறையோ அது வந்து பேசட்டும்."

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "அந்தப் புள்ள வெளிய போன புள்ளதானே? அதுக்கு எப்படி முறை?"

அம்மா என் முழங்கையை இறுகப் பிடித்தாள்.

"வெளிய போனா என்ன, பொறந்தது இங்கதானே" என்றார் பெரியப்பா. "முறை உண்டு. ஒக்காரு."

அவ்வளவுதான் பேச்சு. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பத்து வருடத்துக்கு மேல் ஊர் என்னைப் பார்த்தும் பார்க்காமல் இருந்தது. இப்போது முறை கொடுத்துவிட்டது. அதோடு கூட்டத்தில் வாய் திறக்கிற உரிமையையும் கொடுத்தது. என் அம்மாவுக்குக்கூட அது கிடையாது.

மேடம் மட்டும் நாற்காலியில் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது என்னிடம் மெதுவாக, "ஒரு வேலையை எப்படிம்மா மாசத்துக்கு ஒருத்தர் பாக்குறது?" என்றார். எனக்குப் பாவமாக இருந்தது.

அடுத்த வாரம் போன் செய்தார். தலைமை அலுவலகத்தோடு பேசிப் பார்த்தாராம். ஒரு பதவிக்கு ஒரு ஆள்தான், அதில் வளைந்து கொடுக்க வழியே இல்லையாம். "நேர்காணல்ல உங்களுக்குத்தான் முதலிடம். நீங்களே சேந்துடுங்க. ஊர்கிட்ட நீங்களே எடுத்துச் சொன்னா கேப்பாங்க."

அடுப்படியில் நின்றபடியே குதித்தேன். பால் பொங்கி அடுப்பை நனைத்தது. வீட்டுக்காரர் கடைக்குக் கிளம்பாமல் நின்று, "முதலிடமா? நெஜமாவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வண்டியை எடுத்துக்கொண்டு நேராகக் காரைக்கால்மேட்டுக்குப் போனேன்.

பெரியப்பா மீன் ஏலம் முடிந்த கூடத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். விஷயத்தைச் சொன்னேன். கோபப்படவில்லை.

"எடுத்துக்கயேன். யாரு வேணாங்குறா?"

"அப்ப ஊரு சொன்னது?"

"முறைய விட்டுட்டுத் தனியா எடுத்தா முறை போயிடும். வலைக்கு என்ன உண்டோ அதுதான் இதுக்கும். நானா வச்ச சட்டம்?" என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல வேலைதான் ஆயி. எடுத்துக்கிட்டாலும் ஒன்ன யாரும் தப்பாப் பேச மாட்டாங்க. முறை மட்டும் இருக்காது" என்றார்.

அதட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஊரை நாலு கேள்வி கேட்டுவிட்டு வேலைக்குப் போயிருப்பேன். இப்படித் தன்மையாகச் சொல்கிறவரிடம் என்ன சண்டை போட? எனக்கு இரண்டும் வேண்டும். ஊர்க்காரி என்பதால் கிடைக்கிற வேலை; அதை எடுத்தால் ஊர்க்காரி இல்லை. தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து விதி எழுதியவர் மேலே வந்த ஆத்திரத்தில் வண்டியை உதைத்துக் கிளப்பினேன்.

வழியில் வண்டியை நிறுத்திவிட்டு மேடத்துக்குப் போன் செய்து முடியாது என்று சொன்னேன். "ஊர்ல முறை இல்லாதவ ஊரோட என்ன பேச முடியும் மேடம்?" என்று கேட்டேன். "என்னாலதான் இப்படி ஆயிடுச்சு. நானே முடிவு பண்ணியிருக்கணும்" என்றார். அவரைச் சமாதானப்படுத்தும் வேலையும் எனக்கே வந்து சேர்ந்தது. வீட்டுக்கு வந்து கரிந்துபோன பால் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே அழுதேன்.

அடுத்த வாரம் அம்மாதான் போனில் சொன்னாள். என் சிநேகிதி அந்த வேலையில் சேர்ந்துவிட்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் விட்டுக்கொடுத்ததை அவள் அள்ளிக்கொண்டாள். அவளுக்கு முறை போனால் என்ன, அவள் ஊரிலேயே பிறந்து, ஊரிலேயே கட்டி, ஊரிலேயே இருக்கிறவள். அவளை யார் கணக்கிலிருந்து எடுக்க முடியும்? இப்படியெல்லாம் மனதுக்குள் பேசிப் பேசி, அவள் எண்ணைக் கைப்பேசியிலிருந்து அழித்தேன். மனப்பாடமாகத் தெரிந்த எண்ணை அழித்து என்ன பயன்?

மாசி பிறந்து ஆமைகள் கரையேறும் காலம் வந்துவிட்டது. ஒரு நாள் பகலில் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் அவள் நிற்கிறாள். சுடிதாருக்கு மேல் ஆமைப் படம் போட்ட கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை. வா என்று சொன்னேன், சிரிக்கவில்லை.

உட்காராமலே பேசினாள். ஆமை முட்டைகளை எடுத்து வந்து புதைத்துப் பொரிக்கவைக்க, கரையில் ஒரு இடத்தில் வேலி போட வேண்டுமாம். நிறுவனம் கேட்கிற இடம் பெண்கள் கருவாடு காயவைக்கிற இடம். ஊர்க்கூட்டத்தில் பேசித்தான் தீர்க்க வேண்டும். அவள் பெரியப்பாவிடம் நடையாய் நடந்தும் ஒரே பதில்தான். ஆமை விசயமாப் பேச முறை உள்ள புள்ள வரட்டும்.

"இப்ப முறை ஒனக்கு மட்டுந்தானாம். எந்த மாசமா இருந்தாலும் நீதானாம்" என்றாள்.

"ஓகோ. சம்பளம் ஒனக்கு, பேச்சு எனக்கா?" என்றேன்.

அவள் தலை குனிந்தாள். "அவரு கை படகுல வலை இழுக்குற வின்ச்சுல மாட்டி நசுங்கிடுச்சுடி. மூணு வெரலு மடங்கல. இந்தத் தடவ கடலுக்கே போகல. ஒன்கிட்ட சொல்லத்தான் வந்தேன், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர்றது?"

எனக்கு அது தெரியாது. அம்மா சொல்லவில்லை, எனக்குத் தெரிந்தே இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். எதிர்வீட்டுச் செய்தி எனக்கு வந்து சேரவில்லை. அவளைப் பற்றி நான் மனதுக்குள் பேசிய பேச்சையெல்லாம் நினைத்ததும் கூச்சமாகப் போயிற்று. ஆனாலும் கோபம் முழுதாகப் போகவில்லை. "காப்பி குடிச்சிட்டுக் கெளம்பு. கூட்டத்துக்கு வர்றேன்" என்றேன்.

அந்த வாரமே கூட்டம். அதே கொட்டகை, அதே வரிசை. ஓரத்தில் பெண்கள், அவர்களுக்கு நடுவில் அவள், கழுத்தில் அட்டை. மேடமும் வந்திருந்தார். பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, "முறை ஒன்னுது. சொல்லு ஆயி" என்றார்.

அத்தனை தலைகளும் திரும்பின. எனக்குப் பேச ஆசையாக இருந்தது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. வேலியை எந்தப் பக்கம் தள்ளிப் போடலாம், கருவாட்டுக்கு எவ்வளவு இடம் விடலாம் என்று வீட்டுக்காரரை எதிரில் உட்கார வைத்துப் பேசிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். முன்னால் வந்தேன். ஓரத்தில் அவள் அந்த அட்டையைத் திருப்பி நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலிப் பேச்சு எனக்கு வாயில் வரவில்லை.

"பெரியப்பா, கரைவலையில ஒருத்தன் ஒடம்புக்கு முடியாமக் கெடந்தா அவன் முறைய ஊரு என்ன பண்ணும்?"

"அவன் எந்திரிச்சு வர்ற வரைக்கும் வச்சிருக்கும். இதென்ன கேள்வி?"

"இது வீட்டுக்காரரு கை நசுங்கிக் கெடக்குறாரு. அதனாலதான் இது வேலைக்குப் போச்சு. முறைய ஆசைக்கு விடல, முடியாம விட்டுச்சு. அந்த வீட்டு முறைய ஊரு எப்படி எடுக்கலாம்?"

"விட்டது விட்டதுதான்" என்று எழுந்தார் அதே பின்வரிசைக்காரர்.

"நீங்க மஞ்சக்காமாலையில கெடந்தப்ப ஒங்க முறைய யாரு இழுத்தா? ஊருதான வச்சிருந்துச்சு?" என்றேன். எனக்கு நாக்கு நீளம் என்று அம்மா சொல்வாள். அவர் உட்கார்ந்துவிட்டார். பெண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

பெரியப்பா பஞ்சாயத்தாரோடு தலையைக் குனிந்து கொஞ்ச நேரம் பேசினார். நிமிர்ந்து, "அதுவும் ஞாயந்தான். முறை ரெண்டு பேருக்கும் உண்டு. அப்ப இந்த மாசம் யாரு?" என்றார்.

நான் என்று சொல்லியிருக்கலாம். முன்னால் நின்றுகொண்டிருந்ததும் நான்தான். சம்பளம் வரப்போவதில்லை, கோட்டு வரப்போவதில்லை, இந்தப் பேச்சு ஒன்றுதான் எனக்கு மிச்சம். அதையும் விட மனம் இடம் கொடுக்கவில்லை. அவளைப் பார்த்தேன். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"இந்த மாசம் அது. அடுத்த மாசம் நான்" என்று சொல்லிவிட்டு ஓரத்துக்கு வந்தேன். அவள் என்னைக் கடந்து முன்னால் போனாள். போகும்போது என் கையை ஒரு தரம் அழுத்தினாள். பேச ஆரம்பித்தாள். சொல் எல்லாம் வாய்க்குள்ளேயே போயிற்று. பின்னால் நிற்கிற பெண்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"சத்தமாப் பேசுடி" என்றேன்.